குறைந்த பட்ஜெட்டில் கேமிங் கணினி: பணத்தை எந்தப் பாகத்தில் போடுவது?

கேமிங் கணினியைத் தாமே அசெம்பிள் செய்ய நினைக்கும் பலர் முதலில் பிராசஸரைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். அப்புறம் அதற்கேற்ற மதர்போர்டு, ரேம், பார்க்க அழகான கேபினட் என்று போய், கடைசியில் மிச்சமிருக்கும் தொகைக்கு ஒரு கிராபிக்ஸ் கார்டைத் தேடுகிறார்கள். கையில் தாராளமாகப் பணம் இருந்தால் இந்த வரிசையால் பெரிய நஷ்டம் இல்லை. தொகை இறுக்கமாக இருக்கும்போது இதுதான் கணினியைக் கெடுக்கிறது. கேம் எவ்வளவு அழகாக, எவ்வளவு சீராக ஓடும் என்பதை மற்ற எல்லாவற்றையும் விட அதிகமாகத் தீர்மானிப்பது அந்தக் கடைசிப் பாகம்தான்.

எனவே வரிசையைத் திருப்பிப் போட வேண்டும். முதலில் மானிட்டரும் நீங்கள் ஆடப்போகும் கேம்களும், பிறகு கிராபிக்ஸ் கார்டு, அதற்குப் பிறகே பிராசஸரும் மதர்போர்டும்.

மானிட்டர் ஏன் முதலில்? ரெசல்யூஷன் என்பது திரையில் எத்தனை பிக்சல் (புள்ளி) என்ற அளவு. 1080பி திரையில் சுமார் 20.7 லட்சம் பிக்சல்கள். 1440பி திரையில் 36.9 லட்சம். 4கே என்றால் 82.9 லட்சம். 1080பியிலிருந்து 1440பிக்குப் போனாலே ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் (திரையில் அடுத்தடுத்து வரும் ஒவ்வொரு படத்துக்கும்) முக்கால் பங்குக்கு மேல் கூடுதல் பிக்சல்களை வரைய வேண்டும். அந்தச் சுமை முழுக்கக் கிராபிக்ஸ் கார்டின் மீதுதான் விழுகிறது. இன்னொரு பக்கம் ஹெர்ட்ஸ் இருக்கிறது, மானிட்டர் விநாடிக்கு எத்தனை முறை படத்தைப் புதுப்பிக்கிறது என்ற எண். 60 ஹெர்ட்ஸ் மானிட்டருக்கு ஒரு ஃப்ரேம் தயாராக 16.7 மில்லிசெகண்ட் கிடைக்கும். 144 ஹெர்ட்ஸ் மானிட்டருக்கு 6.9 மில்லிசெகண்ட்தான். எதிரிகளின் அசைவு, தோட்டாவின் பாதை, நெட்வொர்க் என எல்லாக் கணக்கையும் அந்த இடைவெளிக்குள் முடித்துக் கொடுப்பது பிராசஸரின் வேலை. சுருக்கமாகச் சொன்னால், ரெசல்யூஷன் கூடினால் கிராபிக்ஸ் கார்டு திணறும்; எஃப்பிஎஸ் (விநாடிக்கு எத்தனை ஃப்ரேம்) கூட வேண்டுமென்றால் பிராசஸரும் கூடவே ஓட வேண்டும்.

இதை வைத்தே நீங்கள் எந்த வகை என்று தெரிந்துகொள்ளலாம். கவுன்டர்-ஸ்ட்ரைக் 2, வாலரன்ட் மாதிரி போட்டி கேம்களை 200 எஃப்பிஎஸ்ஸுக்கு மேல் ஆட விரும்புபவருக்குப் பிராசஸர் முக்கியம். சைபர்பங்க் 2077 மாதிரி கதை சார்ந்த பெரிய கேம்களை 60 அல்லது 80 எஃப்பிஎஸ்ஸில் அழகாகப் பார்த்து ஆட விரும்புபவருக்குக் கிராபிக்ஸ் கார்டுதான் எல்லாம். இப்போதே ஒரு பழைய கணினி இருந்தால் சின்னச் சோதனை ஒன்று செய்து பாருங்கள். கேமின் ரெசல்யூஷனைப் பாதியாகக் குறையுங்கள். எஃப்பிஎஸ் நன்றாக ஏறினால் தடை கிராபிக்ஸ் கார்டில் இருக்கிறது. அசையாமல் நின்றால் தடை பிராசஸரில். சில நேரம் இந்தச் சோதனையே புதுக் கணினி வேண்டாம், ஒரு பாகத்தை மாற்றினால் போதும் என்று சொல்லிவிடும்.

மூன்று வழிகள்

பட்ஜெட் கணினிக்கு இன்று மூன்று வழிகள் இருக்கின்றன. பழைய தளத்தில் (முந்தைய தலைமுறைப் பிராசஸர், அதற்கேற்ற மதர்போர்டு, ரேம்) கட்டி, மிச்சமாகும் பணத்தைக் கிராபிக்ஸ் கார்டில் போடுவது முதல் வழி. புதிய தளத்தில் கட்டி, கார்டை இப்போதைக்குச் சுமாராக வைத்துக்கொள்வது இரண்டாவது. கார்டே இல்லாமல் பிராசஸருக்குள் இருக்கும் கிராபிக்ஸை வைத்துத் தொடங்குவது மூன்றாவது.

முதல் வழியில் இரண்டு நல்ல பிராசஸர்கள் உண்டு. ஏஎம்டியின் ரைசன் 5 5600, இன்டெலின் கோர் ஐ5 12400எஃப். இரண்டும் 2022இல் வந்தவை, இரண்டிலும் 6 கோர் (கணக்கிடும் பகுதி), 12 த்ரெட் (ஒரே நேரத்தில் நடத்தும் வேலைகள்). கேம்களில் ஒன்று சில இடங்களில் முந்தும், மற்றது வேறு சில இடங்களில் முந்தும். ஆடும்போது கண்ணுக்குத் தெரிகிற வித்தியாசம் இல்லை. எனவே பிராசஸரையும் மதர்போர்டையும் சேர்த்துக் கூட்டி, எது குறைவாக வருகிறதோ அதை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் ஏஎம்டி பக்கம் பெயரைப் பார்த்து ஏமாறக்கூடாது. 5600, 5500, 5600ஜி மூன்றும் ஒரே குடும்பம் போலத் தெரியும். 5600இல் 32 எம்பி எல்3 கேஷும் (பிராசஸருக்குள்ளேயே இருக்கும் வேகமான மெமரி) பிசிஐ எக்ஸ்பிரஸ் 4.0வும் (கிராபிக்ஸ் கார்டுக்கான தரவு வழி) உண்டு. மற்ற இரண்டிலும் கேஷ் 16 எம்பி, பிசிஐ எக்ஸ்பிரஸ் 3.0 மட்டும். கேம்களுக்குக் கேஷ் நிஜமாகவே உதவும். விலை வித்தியாசம் கொஞ்சம்தான் என்றால் 5500ஐ எடுக்க எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

இந்த வழியின் குறை, எதிர்காலம் குட்டையானது என்பதுதான். 5600 பொருந்தும் ஏஎம்4 சாக்கெட்டில் (மதர்போர்டில் பிராசஸரைப் பொருத்தும் இடம்) 5700எக்ஸ்3டி, 5800எக்ஸ்3டி என 96 எம்பி கேஷ் உள்ள அருமையான பிராசஸர்கள் வந்தன. புதிதாகக் கிடைப்பது இப்போது அரிது, பழையதைத்தான் தேட வேண்டியிருக்கும். 12400எஃப் பொருந்தும் இன்டெலின் எல்ஜிஏ 1700 சாக்கெட்டில் 13, 14ஆம் தலைமுறைக்கு மாறலாம். அந்த இரு தலைமுறைகளின் வேகமான பிராசஸர்கள் சிலவற்றில் அதிக வோல்டேஜால் நிலைகுலையும் சிக்கல் 2024இல் பெரிதாக வெளிவந்தது. இன்டெல் மைக்ரோகோட் (பிராசஸருக்குள் இயங்கும் அடிப்படை நிரல்) திருத்தங்களை வெளியிட்டது, வாரண்டியையும் நீட்டியது. எனவே இந்த வழியில் போகிறவர்கள் பயாஸை (மதர்போர்டின் அடிப்படை மென்பொருள்) முதலில் அப்டேட் செய்துவிட்டுத்தான் அந்தத் தலைமுறைகளைப் பொருத்த வேண்டும். பயன்படுத்தியதாக வாங்குவதென்றால் அவற்றைத் தவிர்ப்பதே நல்லது, ஏற்கெனவே தேய்ந்த சிப்பைத் திருத்தம் சரிசெய்யாது. 12ஆம் தலைமுறையில் இந்தச் சிக்கல் இல்லை.

இரண்டாவது வழி ஏஎம்5. 2022 செப்டம்பரில் வந்த சாக்கெட். டிடிஆர்4க்கு அடுத்த தலைமுறையான டிடிஆர்5 ரேம் மட்டுமே ஏற்கும். ரைசன் 5 7500எஃப் அல்லது 7600இல் தொடங்கி, சில வருடம் கழித்து மதர்போர்டையும் ரேமையும் தொடாமல் 7800எக்ஸ்3டி, 9800எக்ஸ்3டி, அல்லது அதற்கும் புதியதாக மாற்றிக்கொள்ளலாம் என்பதுதான் இதன் கவர்ச்சி. குறைந்தது 2027 வரை இந்தச் சாக்கெட்டுக்கு ஆதரவு உண்டு என்று ஏஎம்டி சொல்லியிருக்கிறது. இதைச் சும்மா விளம்பரம் என்று ஒதுக்க முடியாது. 2017இல் வந்த ஏஎம்4 மதர்போர்டுகளில் பல, பயாஸ் அப்டேட்டுக்குப் பிறகு 5000 வரிசைப் பிராசஸரையும் ஏற்றுக்கொண்டன.

எதை எடுப்பது? இதற்கு நான் ஒரே ஒரு கேள்வியைத்தான் கேட்பேன். நீங்கள் இதுவரை எந்தக் கணினியிலாவது பிராசஸரை மட்டும் மாற்றியிருக்கிறீர்களா? பலர் நாலைந்து வருடம் ஓட்டிவிட்டு, பழையதைத் தம்பிக்கோ தங்கைக்கோ கொடுத்துவிட்டுப் புதிதாகக் கட்டுகிறார்கள். அவர்களுக்கு ஏஎம்5இன் மேம்படுத்தும் வசதி பயன்படாமலே போகிறது. அதற்காகக் கொடுத்த கூடுதல் பணம் முதல் நாளிலிருந்தே கிராபிக்ஸ் கார்டில் இருந்திருக்கலாம். வருடத்துக்கு ஒரு பாகம் என்று மாற்றிக்கொண்டே போகிற பழக்கம் உள்ளவர் ஏஎம்5 எடுப்பதுதான் சரி. போட்டி கேம்களில் அதிக எஃப்பிஎஸ் தேடுபவருக்கும் அப்படியே.

இதில் இப்போது ரேம் விலையும் நுழைந்துவிட்டது. 2025இன் பிற்பகுதியில், செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் மெமரியை அள்ளிக்கொள்ளத் தொடங்கியதும் ரேம் விலை மளமளவென்று ஏறியது. அதே டிசம்பரில் மைக்ரான் நிறுவனம் தனது க்ரூஷியல் என்ற நுகர்வோர் வியாபாரத்தை விட்டு விலகுவதாக அறிவித்தது. டிடிஆர்5 மட்டுமல்ல, டிடிஆர்4 விலையும் சேர்ந்தே ஏறியது. எனவே பழைய தளம் மலிவு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாது. வாங்கும் நாளில் பிராசஸர், மதர்போர்டு, ரேம் மூன்றையும் கூட்டித்தான் ஒப்பிட வேண்டும். ஒன்று மட்டும் உறுதி. பழைய கணினியிலிருந்து நல்ல டிடிஆர்4 ரேம் கையில் இருந்தால் முதல் வழிதான், யோசிக்கவே வேண்டாம்.

மூன்றாவது வழி, கார்டு இல்லாமல் தொடங்குவது. ரைசன் 5 5600ஜி, அதைவிட வலுவான 8600ஜி ஆகியவற்றில் ஓரளவு கேம் ஆடக்கூடிய கிராபிக்ஸ் உள்ளேயே இருக்கிறது. லேசான போட்டி கேம்கள் 1080பியில் குறைந்த செட்டிங்கில் ஓடும். பெரிய கேம்களுக்கு 720பி வரை இறங்க வேண்டும். இந்தக் கிராபிக்ஸுக்குத் தனி மெமரி கிடையாது, ரேமைத்தான் பகிர்ந்துகொள்கிறது. ஒரே ஒரு ரேம் போட்டால் வேகம் வெகுவாகச் சரியும். கார்டை அடுத்த வருடம் சேர்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணத்தில்தான் பலர் இதை எடுக்கிறார்கள். அப்படிச் சேர்க்கும்போது கேஷ் குறைந்த பிராசஸர் கையில் இருக்கும். 8600ஜியில் கிராபிக்ஸ் கார்டுக்கு வழக்கமான 16க்குப் பதில் 8 லேன் (பிசிஐ எக்ஸ்பிரஸின் தரவுப் பாதைகள்) மட்டுமே கிடைக்கும். ஆகவே கார்டு வாங்க ஒரு வருடத்துக்கு மேல் ஆகும் என்பது உறுதியானால் மட்டும் இது. அதற்கு முன்பே வாங்க முடியுமென்றால், முதல் வழியோடு பயன்படுத்திய கார்டு ஒன்றில் தொடங்குவது மேல்.

கிராபிக்ஸ் கார்டு: மெமரிதான் முதல் கேள்வி

மொத்தத் தொகையில் 40 சதவீதம் இங்கே போகட்டும். மானிட்டர் ஏற்கெனவே இருந்தால் இன்னும் கொஞ்சம் கூடப் போகலாம்.

கார்டுகளை ஒப்பிடும்போது எல்லோரும் சராசரி எஃப்பிஎஸ் பட்டியலைப் பார்க்கிறார்கள். பட்ஜெட் கார்டில் அதைவிட முக்கியம், அதில் எத்தனை ஜிபி விரேம் (கார்டுக்கே உரிய மெமரி) இருக்கிறது என்பது. கேமின் டெக்ஸ்சர்கள் (சுவர், உடை போன்றவற்றின் மேற்பரப்புப் படங்கள்) விரேமில் தங்க வேண்டும். இடம் போதாவிட்டால் கார்டு அவற்றை ரேமிலிருந்து பிசிஐ எக்ஸ்பிரஸ் வழியாக இழுக்கத் தொடங்கும். கையெட்டும் மேசையில் இருக்க வேண்டிய கருவியை ஒவ்வொரு முறையும் அடுத்த அறைக்குப் போய் எடுத்து வருவது போலத்தான் இது. சராசரி எஃப்பிஎஸ் நன்றாகத் தெரியும்போதே திடீர் திடீரென்று கேம் உறைந்து நகரும். சில கேம்கள் உறையாமல், சத்தமில்லாமல் டெக்ஸ்சரை மங்கலாக்கிவிடும். சராசரி பட்டியலில் இது எதுவும் தெரியாது. அதனால்தான் விமர்சனங்களில் ‘1 சதவீத லோ’ என்ற எண்ணைப் பார்க்கச் சொல்கிறேன். மிக மெதுவான ஃப்ரேம்களில் கேம் எப்படி இருந்தது என்பதை அது காட்டும்.

ஆர்டிஎக்ஸ் 3060, 4060 இரண்டையும் பக்கத்தில் வைத்தால் இது புரியும். 2021இல் வந்த 3060இல் 12 ஜிபி, 192 பிட் மெமரி பாதை. 2023இல் வந்த 4060இல் 8 ஜிபி, 128 பிட். சாதாரணமாக 4060தான் வேகம். மின்சாரமும் 115 வாட்தான் எடுக்கும். ஆனால் டெக்ஸ்சரை அதிகமாக வைத்து, ரே ட்ரேசிங்கையும் (ஒளியின் பாதையைக் கணக்கிட்டு வரைவது) இயக்கி, கேம் 8 ஜிபியைத் தாண்டும் தருணத்தில் பழைய 3060 சீராக ஓட, புதியது திக்குகிறது.

இங்கேதான் மதர்போர்டும் கதைக்குள் வருகிறது. ஆர்எக்ஸ் 6600, ஆர்எக்ஸ் 7600, ஆர்டிஎக்ஸ் 4060, 5060 ஆகிய கார்டுகள் 16 லேனுக்குப் பதில் 8 லேன் மட்டுமே பயன்படுத்துகின்றன. பிசிஐ எக்ஸ்பிரஸ் 4.0 போர்டில் இது பிரச்சினை இல்லை. பி450, ஏ520 என்ற ஏஎம்4 மதர்போர்டு வகைகள் போன்ற 3.0 போர்டில் அதே 8 லேன் பாதி அகலமாகிவிடும். விரேம் போதும்வரை இழப்பு சில சதவீதம்தான். விரேம் நிரம்பி வழியும்போது, வழிகிற அத்தனையும் அந்தக் குறுகிய பாதையில்தான் போக வேண்டும். பழைய போர்டு, 8 லேன், 8 ஜிபி மூன்றும் சேர்வதுதான் மோசமான கூட்டணி. 4 லேனும் 4 ஜிபியும் கொண்ட ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி இதன் உச்சம். எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் அதைத் தொடாதீர்கள்.

ஆகவே என் தேர்வு வரிசை இப்படி. எட்டும் என்றால் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டியின் 16 ஜிபி வகை. 2025 ஜூனில் வந்தது, 16 லேன் முழுதாக உண்டு, 1440பியையும் தாங்கும். இதே பெயரில் 8 ஜிபி வகையும் விற்கிறது, பெட்டியில் எண்ணைப் பார்த்து வாங்க வேண்டும். ஆர்டிஎக்ஸ் 5060 டிஐயிலும் இதே இரட்டைப் பெயர்க் குழப்பம் உண்டு. 8க்கும் 16க்கும் இடையிலான பணத்தை எங்கிருந்து எடுப்பது என்றால், பிராசஸரிலிருந்து எடுங்கள் என்பேன். ரைசன் 5 5600உடன் 16 ஜிபி 9060 எக்ஸ்டி, ரைசன் 5 9600எக்ஸுடன் 8 ஜிபி 9060 எக்ஸ்டி, இந்த இரண்டில் கதை கேம்கள் ஆடுபவருக்கு முதலாவதுதான் பல வருடம் உழைக்கும்.

அதற்குக் கீழே ஆர்க் பி580யும் ஆர்டிஎக்ஸ் 5060வும் போட்டியிடுகின்றன. இன்டெலின் பி580 2024 டிசம்பரில் 12 ஜிபியோடு வந்தபோது பலரும் மகிழ்ந்தோம். அந்த விலைப்பிரிவில் புதிய கார்டுகளில் 12 ஜிபி கிடைப்பது அரிது. ஆனால் அதன் டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) பிராசஸருக்குக் கூடுதல் வேலை வைக்கிறது. ரைசன் 5 5600 போன்ற பிராசஸரோடு சில கேம்களில் வேகம் குறைவது சோதனைகளில் தெரியவந்தது. ரீசைசபிள் பார் (கார்டின் மெமரி முழுவதையும் பிராசஸர் ஒரே நேரத்தில் அணுக விடும் வசதி) இல்லாத பழைய கணினியில் அதைப் போடவே கூடாது. எனவே பி580 இரண்டாவது வழியோடு நன்றாகச் சேரும், முதல் வழியோடு அவ்வளவாகச் சேராது. 5060இல் 8 ஜிபிதான் என்பது உறுத்தல். 1080பியில் டெக்ஸ்சரை ஒரு படி குறைத்து ஆடத் தயாரானவருக்கு அதன் டிஎல்எஸ்எஸ் ஈடுகொடுக்கும்.

டிஎல்எஸ்எஸ் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கேமைக் குறைந்த ரெசல்யூஷனில் வரைந்து, படத்தைப் பெரிதாக்கித் தரும் தொழில்நுட்பங்கள் இவை. என்விடியாவின் டிஎல்எஸ்எஸ், ஏஎம்டியின் எஃப்எஸ்ஆர், இன்டெலின் எக்ஸ்இஎஸ்எஸ். 2025 ஜனவரியில் அறிவித்த டிஎல்எஸ்எஸ் 4இன் மேம்பட்ட படத்தரம் 2018இன் ஆர்டிஎக்ஸ் 20 வரிசை வரை கிடைக்கிறது. ஏஎம்டியின் எஃப்எஸ்ஆர் 4 வெளியானபோது ஆர்எக்ஸ் 9000 வரிசைக்கு மட்டுமே வந்தது. பழைய எஃப்எஸ்ஆர் 2, 3 எந்தக் கார்டிலும் ஓடினாலும் 1080பியில் படம் சற்றுக் கலங்கும். பயன்படுத்திய கார்டு வாங்கும்போது இது என்விடியா பக்கம் ஒரு கூடுதல் மதிப்பெண். ஃப்ரேம் ஜெனரேஷன் என்பது வேறு விஷயம், வரைந்த ஃப்ரேம்களுக்கு இடையே கணித்து உருவாக்கிய ஃப்ரேம்களைச் செருகுவது. அடிப்படையில் 60 எஃப்பிஎஸ் வரும் இடத்தில் அதை வழவழப்பாகக் காட்டும். 30 வரும் இடத்தில் எண் மட்டும்தான் ஏறும், மவுஸின் தாமதம் குறையாது. பெட்டியின் மேல் போட்டிருக்கும் பெரிய எண்களை அதனால் நம்பி வாங்க வேண்டாம்.

பயன்படுத்திய கார்டு வாங்கலாமா? வாங்கலாம். பட்ஜெட் மிகக் குறைவாக இருந்தால் அதுதான் வழி. ஆர்எக்ஸ் 6600, ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபி இரண்டும் நல்ல தேர்வுகள். அதற்கும் பின்னால் போய் ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர், ஆர்எக்ஸ் 5700 எக்ஸ்டி என்று இறங்க வேண்டாம். அவற்றில் ரே ட்ரேசிங்குக்கான வன்பொருள் இல்லை. இந்தியானா ஜோன்ஸ் அண்ட் த கிரேட் சர்க்கிள், டூம்: த டார்க் ஏஜஸ் போன்ற கேம்கள் அந்த வன்பொருளைக் கட்டாயம் கேட்கின்றன. இனி வரும் கேம்களில் இது கூடத்தான் போகிறது. கார்டை ஓடும் நிலையில் பார்த்து வாங்குங்கள். அரை மணி நேரம் கேம் ஓடட்டும். வெப்பம் எவ்வளவு ஏறுகிறது, ஃபேன் உரசுகிறதா, திரையில் புள்ளியோ கோடோ வருகிறதா, எல்லா டிஸ்ப்ளே போர்ட்டும் வேலை செய்கிறதா என்று கவனியுங்கள். பழைய சிப்பின் பயாஸை மாற்றிப் புதிய பெயர் காட்டும் போலிக் கார்டுகளும் உலவுகின்றன. ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளில் பெயரோடு ஷேடர் (சிப்பின் கணக்கிடும் பகுதிகள்) எண்ணிக்கையும் மெமரி பாதையும் பொருந்துகின்றனவா என்று பார்த்தால் பிடிபட்டுவிடும். கிரிப்டோ நாணய மைனிங்கில் ஓடிய கார்டு என்பதாலேயே ஒதுக்க வேண்டியதில்லை. அதில் பெரும்பாலும் ஃபேனும் தெர்மல் பேடும்தான் (சூட்டைக் கடத்தும் மெல்லிய பட்டை) தேய்ந்திருக்கும். அதற்கேற்ப விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

பவர் சப்ளையில் கை வைக்காதீர்கள்

பணம் பற்றாதபோது முதலில் பலியாவது எஸ்எம்பிஎஸ் எனப்படும் இந்தப் பவர் சப்ளைதான். எஃப்பிஎஸ் பட்டியலில் அதற்கு இடமில்லை அல்லவா. ஆனால் மற்ற எல்லாப் பாகமும் அதை நம்பித்தான் உயிரோடு இருக்கிறது. கார்டையோ ரேமையோ பயன்படுத்தியதாக வாங்கலாம், இதை மட்டும் புதிதாகவே வாங்குங்கள்.

எத்தனை வாட்? மேலே பரிந்துரைத்த 6 கோர் பிராசஸர்களுக்குக் கேம் ஆடும்போது 90 வாட் அளவில் போதும். 9060 எக்ஸ்டி 16 ஜிபி சுமார் 160 வாட், ஆர்டிஎக்ஸ் 5060 145 வாட். மதர்போர்டு, ஃபேன், எஸ்எஸ்டி எல்லாம் சேர்த்தாலும் 350ஐத் தாண்டாது. நல்ல 550 வாட் தாராளம். பிறகு பெரிய கார்டு போடும் எண்ணம் இருந்தால் 650. மட்டமான 750ஐ விட நல்ல 550 மேலானது. ‘80 பிளஸ் பிரான்ஸ்’ என்ற முத்திரை மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதைத்தான் சொல்கிறது, உள்ளே இருக்கும் பாகங்களின் தரத்தை அல்ல. பக்கவாட்டு ஸ்டிக்கரில் 12 வோல்ட் வரிசையைப் பாருங்கள். அங்கே போட்டிருக்கும் ஆம்பியரை 12ஆல் பெருக்கினால் வருவதுதான் உண்மையில் கிடைக்கும் வாட். 500 வாட் என்று பெயர் போட்டு, அந்தக் கணக்கில் 350கூட வராதவை நிறைய உண்டு. ஐந்து வருடமோ அதற்கு மேலோ வாரண்டி தருவது நல்ல அறிகுறி. இன்னொன்று: கழற்றி மாட்டும் கேபிள் உள்ள எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றும்போது பழைய கேபிள்களைப் புதியதில் செருகவே கூடாது. பிளக் பொருந்தும், உள்ளே பின்களின் வரிசை வேறாக இருக்கும், எஸ்எஸ்டியும் ஹார்ட் டிஸ்க்கும் நொடியில் போய்விடும்.

மிச்சப் பாகங்கள்

மதர்போர்டில் தேவைக்கு மேல் செலவழிக்க வேண்டாம். ஏஎம்4க்குப் பி550 நல்ல நடுவழி. அதில் பிசிஐ எக்ஸ்பிரஸ் 4.0 இருக்கிறது, ஏ520இல் இல்லை. இன்டெலுக்கு எச்610 போதுமானது. கிராபிக்ஸ் கார்டுக்கு 4.0 கிடைக்கும், ஆனால் ரேம் ஸ்லாட் இரண்டுதான். ஏஎம்5க்குப் பி650. ஏ620 பட்ஜெட்டுக்குள் வரும், ஆனால் பின்னாளில் பெரிய பிராசஸர் போடுவதற்காகத்தான் ஏஎம்5 எடுக்கிறோம் என்றால் மின்சுற்று மெலிதான போர்டை எடுப்பது அந்த நோக்கத்தையே கெடுக்கும். கிடங்கில் கிடந்த போர்டில் பழைய பயாஸ் இருந்து, புதிய பிராசஸரை அடையாளம் காணாமல் போகலாம். பிராசஸர் இல்லாமலேயே யூஎஸ்பி வழியாக பயாஸை ஏற்றும் பட்டன் உள்ள போர்டாகப் பார்த்து எடுத்தால் இந்தத் தலைவலி இல்லை.

ரேம் 16 ஜிபி குறைந்தபட்சம், 32 வசதி. இன்றைய விலையில் 16இல் தொடங்குவதில் தப்பில்லை, ஆனால் ஒரே 16ஆக இல்லாமல் இரண்டு 8ஆக. இரண்டு சேனலும் (ரேமுக்கும் பிராசஸருக்கும் இடையிலான இரு பாதைகள்) வேலை செய்தால்தான் பிராசஸருக்கு வேண்டிய வேகத்தில் தரவு கிடைக்கும். வேகம் டிடிஆர்4 என்றால் 3200, டிடிஆர்5 என்றால் 6000 போதும். டிடிஆர்4இல் நாலு ஸ்லாட் இருந்தால் பிறகு இன்னும் இரண்டு சேர்த்துக்கொள்ளலாம். டிடிஆர்5இல் நாலும் நிரம்பினால் வேகம் இறங்கிவிடும், அங்கே முடிந்தால் முதலிலேயே இரண்டு 16.

எஸ்எஸ்டியில் 1 டிபி என்விஎம்இ (மதர்போர்டில் நேராகச் செருகும் வேகமான வகை) எடுங்கள். பெரிய கேம்கள் ஒவ்வொன்றும் 100 ஜிபியைத் தாண்டுகின்றன. விநாடிக்கு 3500 எம்பியா 7000 எம்பியா என்பது கேம் திறக்கும் நேரத்தில் பெரிதாகத் தெரியாது. கூலர், பிராசஸர் பெட்டியோடு வருவதே போதும். சத்தம் உறுத்தினால் பிறகு மாற்றலாம். கேபினட்டின் முன்பக்கம் வலையாக இருக்கட்டும், கண்ணாடியாக வேண்டாம். உங்கள் கார்டின் நீளம் அதற்குள் போகுமா என்று மில்லிமீட்டரில் பார்த்துவிடுங்கள்.

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது, ஆகவே 11தான். லைசன்ஸ் பணத்தையும் மிச்சப்படுத்த நினைப்பவர் லினக்ஸைப் பார்க்கலாம். புரோட்டான் (விண்டோஸ் கேம்களை லினக்ஸில் ஓட்டும் மென்பொருள்) வழியாக, ஸ்டீம் என்ற இணையக் கடையின் கேம்களில் பெரும்பகுதி நன்றாக ஓடுகிறது. வாலரன்ட், ஃபோர்ட்நைட் ஆடுபவர்களுக்கு மட்டும் அது வேண்டாம், அவற்றின் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள் லினக்ஸில் இயங்க விடாது.

பாகங்களை மாதத்துக்கு ஒன்றாக வாங்கிச் சேர்க்கும் பழக்கம் பலருக்கு உண்டு. மதர்போர்டு பழுது என்பது நாலாவது மாதம் பிராசஸர் வந்த பிறகுதான் தெரியும், அதற்குள் திருப்பிக் கொடுக்கும் கெடு முடிந்திருக்கும். பணத்தைச் சேர்த்து வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் வாங்கி, அந்த வாரமே ஓட்டிப் பாருங்கள். ஓட்டும்போது சில விஷயங்களை உறுதி செய்ய வேண்டும். நாலு ஸ்லாட் உள்ள போர்டில் ரேம் இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில் இருக்கிறதா, பயாஸில் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ (ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் அமைப்பு) இயக்கப்பட்டிருக்கிறதா, ரீசைசபிள் பார் இயங்குகிறதா என்று பார்க்க வேண்டும். விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்கில் 144 ஹெர்ட்ஸைத் தேர்ந்தெடுக்க வேண்டும். புது மானிட்டர் பல நேரம் 60இல்தான் தொடங்கும். மானிட்டர் கேபிளை மதர்போர்டில் அல்ல, கிராபிக்ஸ் கார்டில் செருக வேண்டும். புதுக் கணினி மெதுவாக ஓடுகிறது என்று உதவி கேட்டு வருகிறவர்களுக்கு நான் முதலில் பார்க்கச் சொல்வது அந்தக் கேபிளைத்தான்.